தேய்பிறைக்கு மின்னும் தண்ணீர்

என் தங்கச்சி ஸ்டெல்லா வீட்டில் இரண்டு காலண்டர் தொங்கும். முன்னறையில் கோயில் காலண்டர். எந்தப் புனிதர் திருநாள் என்றைக்கு வருகிறது என்று அது சொல்லும். சமையலறைக் கதவுக்குப் பின்னால், பாப்பாரப்பட்டி சந்தையில் ஒரு செக்கெண்ணெய்க் கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர். ராகு காலம், நல்ல நேரம், வளர்பிறை, தேய்பிறை எல்லாம் அதில் இருக்கும். நாங்கள் மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள். ஆனாலும் விதைப்பது, போர்வெல் போடுவது, பெண் கொடுப்பது என்று வந்துவிட்டால் கதவுக்குப் பின்னால் இருப்பதற்குத்தான் மரியாதை. ஃபாதர் வீட்டுக்கு வருகிற அன்றைக்கு ஸ்டெல்லா அந்தக் கதவை முழுக்கத் திறந்து சுவரோடு ஒட்டி வைத்துவிடுவாள். காலண்டர் மறைந்துவிடும்.

நான் வியட்நாமுக்குப் போக வேண்டிய நாளைக் குறித்துக் கொடுத்ததும் அந்தக் காலண்டர்தான்.

போன காரியம் மாப்பிள்ளை பார்ப்பது. ஸ்டெல்லாவின் ஒரே மகள் ஜெனி ஓசூர் பக்கம் செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் சேர்ந்தவள். அவர்களே அவளை வியட்நாமில் ஹைஃபாங் என்ற துறைமுக ஊருக்கு லைன் சூப்பர்வைசராக அனுப்பி இரண்டு வருடம் ஆகிறது. கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவள், களியைக் கீரைக் கடைசலில் தொட்டு விழுங்கிக்கொண்டே, "அம்மா, எனக்கு அங்க ஒருத்தரப் புடிச்சிருக்கு" என்றாள்.

என்ன வேலை என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"கயாக்குன்னு சின்னப் படகு இருக்குமில்ல, அதுல ஆளுங்களக் கடலுக்குள்ள கூட்டிட்டுப் போவாரு. இருட்டினப்புறம். தண்ணில வெளிச்சம் காட்டுவாரு."

"தண்ணில வெளிச்சமா? மாந்திரீகமாடி பண்றான் அவன்?"

"அது உயிரும்மா. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிசு. தண்ணியக் கலக்கினா மின்னும்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அவள் கையில் ஏற்கெனவே பொம்மிடியில் ஒரு சம்பந்தம் இருந்தது. பையனுக்கு ரயில்வேயில் வேலை, வீட்டோடு தென்னந்தோப்பு. அதை விட்டுவிட்டுத் தண்ணீரில் வெளிச்சம் காட்டுகிறவனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று அவளுக்கு ஒரே மலைப்பு. கடைசியில் அவள் சொன்னது இதுதான்: "அக்கா, நீ போயி கண்ணால பாத்துட்டு வா. நீ சரின்னா சரி. ஆனா பௌர்ணமிக்குள்ள சொல்லிடணும். தேய்பிறையில வார்த்தை குடுக்க வேணாம். பௌர்ணமி தாண்டிட்டா அடுத்த வளர்பிறையில பொம்மிடிக்காரங்களப் பூ வைக்க வரச் சொல்லிடுவேன்."

என்னை ஏன் அனுப்பினாள் என்றும் சொல்லிவிடுகிறேன். நான் ஆரோக்கியமேரி. முப்பத்தைந்து வருடம் கிராம நர்ஸாக வீடு வீடாக ஏறி இறங்கி ரிட்டயர் ஆனவள். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர்க் குடம் மூடியிருக்கிறதா, பிள்ளைக்கு நகம் வெட்டியிருக்கிறதா என்று கண் தானாகப் போகும். இத்தனை கெட்டிக்காரிதான் ஸ்டெல்லாவின் கணவர் வீட்டையும் அந்தக் காலத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து "சரி" என்றவள். முன்வாசல் பளிச்சென்று இருந்தது, இரண்டு கறவை மாடு நின்றது. பின்பக்கம் போகவில்லை. போயிருந்தால் பாட்டில்கள் கண்ணில் பட்டிருக்கும். அந்த மனுசன் குடித்தே போய்ச் சேர்ந்தபோது ஜெனிக்கு ஏழு வயது. ஸ்டெல்லா ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

விமானத்தில் நடந்ததைச் சொல்ல ஒன்றுமில்லை, ஜன்னலோர சீட் கிடைத்தும் தூங்கிவிட்டேன். ஹனோயில் ஜெனி காத்திருந்தாள். அங்கிருந்து பையன் ஊரான கட்பா தீவுக்கு பஸ். ஏறி ஒரு மணி நேரத்தில் எனக்குத் தலை இடிக்க ஆரம்பித்தது. காலையில் டீ குடிக்காவிட்டால் எனக்குக் கை கால் ஓடாது. ஜெனி என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் முன்சீட்டில் இருந்ததால் டிரைவர் தோளைத் தொட்டு, "டீ, டீ" என்றேன். அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு வண்டியை விரட்டினார். புரியவில்லை போல என்று குடிக்கிற மாதிரி கையைக் காட்டி, "டீ! டீ!" என்றேன். இன்னும் விரட்டினார். ரோட்டோரக் கடைகள் எல்லாம் பின்னால் பறந்தன. ஜெனி அலறி எழுந்தாள்.

"பெரிம்மா, இங்க 'டீ'ன்னா 'போ'ன்னு அர்த்தம். நீங்க போ, போன்னு வெரட்டறீங்க."

பஸ்ஸே சிரித்தது. அடுத்து நிறுத்திய இடத்தில் டிரைவரே இறங்கிப் போய் ஒரு கண்ணாடி டம்ளரில் எனக்கு டீ வாங்கி வந்தார். பால் இல்லை, சர்க்கரை இல்லை, மேலே ஐஸ் மிதந்தது. கஷாயத்தை ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. ஆனால் யாரென்றே தெரியாத கிழவிக்கு ஒரு டிரைவர் வெயிலில் இறங்கிப் போய் டீ வாங்கி வருகிறார் என்றால் குடிக்காமல் இருக்க முடியுமா? குடித்தேன். தலைவலியும் போய்விட்டது.

கட்பாவைச் சுற்றி இருக்கிற கடலை எப்படிச் சொல்வது? எங்கள் அரூர் பக்கத்து மலைகளை எல்லாம் கொண்டுவந்து கழுத்தளவு தண்ணீரில் இறக்கி நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நூற்றுக்கணக்கில் பாறைகள், நடுவே பச்சைத் தண்ணீர். குடத்துக்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்ற ஊர்க்காரி நான். இத்தனை தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததும் கொஞ்சம் கோபம்கூட வந்தது, பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி நான்கு மாடி வீடு. அகலம் பார்த்தால் எங்கள் ஊர் மாட்டுக் கொட்டாய் இதைவிடப் பெரிசு. வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார், பையனின் தாயார் லான். என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெனியிடம் ஏதோ கேட்டார். "உங்க வயசு கேக்கறாங்க பெரிம்மா."

வந்ததும் வராததுமாக வயதா? அறுபத்தொன்று என்றேன். உடனே அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, "ச்சீ" என்றார்.

அப்படி என்ன சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். உள்ளே கூட்டிப் போய் நாற்காலியைத் தட்டிக் காட்டி, "ச்சீ". தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "ச்சீ". கடைசியில் நான் ஜெனியின் கையைக் கிள்ளி, "என்னாடி இது, வூட்டுக்கு வரச்சொல்லிட்டு ச்சீ ச்சீங்குது இந்தம்மா?" என்று கேட்டுவிட்டேன். ஜெனி வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். "பெரிம்மா, 'ச்சி'ன்னா இங்க அக்கா. அவங்களுக்கு அம்பத்தாறு. நீங்க மூத்தவங்களா, எளையவங்களான்னு தெரிஞ்சாத்தான் எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியும், அதுக்குத்தான் வயசு கேட்டாங்க."

இது நல்ல ஊராக இருக்கிறதே என்று அப்போதுதான் தோன்றியது. நம்மைப் போலவே அக்கா தங்கை பார்த்துப் பேசுகிற சனம். அதற்கப்புறம் எத்தனை "ச்சீ" விழுந்தாலும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

பையன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். ஒல்லி, வெயிலில் கறுத்த முகம், முப்பது வயது இருக்கும். பெயர் மின். அவர்கள் மொழியில் அதற்கு வெளிச்சம் என்று பொருளாம். நம் மொழியிலும் கிட்டத்தட்ட அதேதான் என்று நான் சொல்ல, ஜெனி அதை அவனிடம் சொல்ல, அவன் காது சிவந்துவிட்டது. கை கூப்பி, "பெரிம்மா, வாங்க, உக்காருங்க" என்றான். மூன்று சொல்தான், ஆனால் அந்த 'ங்க'வை எங்கள் ஊர்க்காரன் மாதிரியே இழுத்தான்.

நான் மயங்கவில்லை. கை கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு நேராகப் பின்பக்கம் போனேன். அங்கே சுவரோரம் வரிசையாகப் பதினைந்து இருபது பாட்டில்கள் நின்றன. பழுப்பு நிறத்தில் ஏதோ நிரம்பியிருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் பார்க்காமல் விட்டதை இப்போது கர்த்தர் கண்ணெதிரே காட்டுகிறார் என்றே நினைத்தேன். ஒரு பாட்டிலைத் திறந்து மோந்தேன்.

மீன். கருவாட்டுக் கூடைக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு நெடி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னாலேயே வந்த லான் பெருமையாகச் சிரித்தார். மீனையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊற வைத்து அவர் கையாலேயே இறக்கிய மீன் சாறாம். எல்லாச் சமையலிலும் அதை ஊற்றுவார்களாம். சாராயம் இல்லை என்ற நிம்மதியில் நான் அந்த அம்மாவைக் கட்டிப் பிடித்துவிட்டேன். அவருக்கு எதற்கென்று புரிந்திருக்காது.

சாப்பாட்டுக்குச் சோறு, பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரை, கணவாய் மீன். கீரை வெந்த தண்ணீரைக்கூடக் கீழே ஊற்றவில்லை, எலுமிச்சை பிழிந்து ரசம் மாதிரி குடிக்கிறார்கள். சத்து வீணாகக் கூடாது என்று நான் முப்பத்தைந்து வருடம் தொண்டை கிழியக் கத்திய பாடம் இங்கே யாரும் கத்தாமலே நடக்கிறது. நான் கொண்டுபோன புளியை லான் மோந்து பார்த்துவிட்டு, எலுமிச்சையை ஒதுக்கி வைத்து அதிலேயே கொஞ்சம் கரைத்து ஊற்றினார். எங்கள் தோட்டத்துப் புளியும் அவர்கள் வள்ளைக்கீரைத் தண்ணீரும் நன்றாகவே சேர்ந்துவிட்டன.

முன்னறையில் மாதா சுரூபம், அவர்கள் ஊர் உடையில். சமையலறையில் தட்டை வைக்கப் போனபோது சுவரில் பார்த்தேன், நாள் ஒரு தாளாகக் கிழிக்கிற காலண்டர். பெரிய எண்ணுக்குக் கீழே சின்னதாகப் பதின்மூன்று என்று இருந்தது. அது பிறைக் கணக்கு, நல்ல நாள் பார்க்க வைத்திருப்பது என்றாள் ஜெனி. மாதா முன்னறையில், காலண்டர் சமையலறையில். ஸ்டெல்லாவை நான் வியட்நாமில் பார்த்தேன்.

கல்யாணப் பேச்சை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். லான் பதறிவிட்டார். பிறையில் ஐந்து, பதினான்கு, இருபத்துமூன்று இந்த மூன்று நாளும் அவர்களுக்கு ஆகாதாம். "ஆகாதுன்னா அவங்க வாயத் தொறக்கவே மாட்டாங்க பெரிம்மா" என்றாள் ஜெனி. எனக்கு மீதி இருப்பதே பௌர்ணமி வரைக்கும் இரண்டு நாள். அதனால், பேச்சு வேண்டாம், நாளை சாயந்திரம் தண்ணீரில் வெளிச்சத்தையாவது காட்டச் சொல் என்றேன்.

மின் தலையை ஆட்டி நீளமாக ஏதோ சொன்னான். வானத்தைக் காட்டினான். ஜெனி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கம்மியாத் தெரியுமாம் பெரிம்மா" என்றாள்.

மறுநாள் சாயந்திரம் படகுத்துறைக்குப் போனோம். அறுபத்தொரு வயதில் முதல்முறையாகப் பேண்ட் போட்டேன், ஜெனியுடைய டிராக் பேண்ட். சேலையோடு கயாக்கில் உட்கார்ந்து கவிழ்ந்தால் பாய் சுருட்டின மாதிரி ஆகிவிடும் என்று அவள் பயமுறுத்தினாள். கயாக் என்பது வேறொன்றுமில்லை, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி செய்கிற அதே பிளாஸ்டிக்கில் நீளமாக ஒரு படகு. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். ஒரே துடுப்புக்கு இரண்டு முனையிலும் இலை. ஒகேனக்கல் பரிசல் சுற்றிக்கொண்டே போகும், இது ஊசி மாதிரி நேராகப் போகிறது. நான் முன்னால் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார, மின் பின்னால் துடுப்புப் போட்டான். ஒரு சொட்டுத் தண்ணீர் என்மேல் தெறிக்கவில்லை.

பாறைகளுக்கு நடுவே போய் நிறுத்தினான். துடுப்பால் தண்ணீரைக் கலக்கினான். நான் குனிந்து பார்த்தேன். மேலே பதினாலாம் பிறை நிலா தட்டு மாதிரி நின்றது. தண்ணீர் முழுக்க நிலா வெளிச்சம். வேறு ஒன்றும் இல்லை. பாறை நிழலுக்குள் கொண்டுபோய்க் கலக்கினான். ஏதோ ஒரு பொட்டு மாதிரி தெரிந்தது, அதுவும் நிலாதானோ என்னவோ.

திரும்பி வந்து கரையேறினதும் ஜெனியைத் தனியாக இழுத்துப் போனேன். "எங்கடி வெளிச்சம்? ஊரக் கூட்டி இதக் காட்டித்தான் சம்பாதிக்கிறானா? உங்கப்பனும் இப்படித்தான், இல்லாததெல்லாம் இருக்குன்னு சொன்ன ஆளு." சொல்லியிருக்கக் கூடாது. அவள் லாட்ஜில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கும் தூக்கம் வரவில்லை.

பௌர்ணமி அன்று அவளை எழுப்பாமல் நான் மட்டும் படகுத்துறைக்கு நடந்தேன். மின் அங்கேதான் இருந்தான். கயாக்குகளைக் கவிழ்த்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். நான் ஒரு ஐஸ் டீக் கடையில், அவன் கண்ணில் படாமல் உட்கார்ந்தேன். வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் வந்து இன்றைக்குப் போகலாமா என்று கேட்டார்கள். அவன் சொன்ன இங்கிலீஷ் எனக்கே புரிந்தது. "இன்னைக்கு நிலா. பாக்க முடியாது. மூணு நாள் கழிச்சு வாங்க." அவர்கள் நாளைக்கே ஊருக்குக் கிளம்புகிறோம், பரவாயில்லை, கூட்டிப் போ என்று கெஞ்சினார்கள். "முடியாது. பாக்காம திரும்பி வருவீங்க. எனக்கு அது நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டான். அவர்களுக்கப்புறம் ஒரு குடும்பம் வந்தது, அதையும் திருப்பி அனுப்பினான். பக்கத்தில் வேறு ஒருவன் வாங்க வாங்க என்று எல்லோரிடமும் சாயந்திரத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டிருந்தான்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நேராக லாட்ஜுக்கு வந்து ஜெனியை உட்கார வைத்தேன்.

"முந்தாநேத்து அவரு கொஞ்சம் கம்மியாத் தெரியும்னா சொன்னாரு?"

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "இல்ல பெரிம்மா. ஒண்ணுமே தெரியாது, கூட்டிட்டு வராதன்னாரு. நீங்க டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே சொன்னாரு, பௌர்ணமிகிட்ட வரச் சொல்லாத, நிலா தேயறப்ப வரச் சொல்லுன்னு. அம்மாகிட்டப் போயி தேய்பிறையில மாப்பிள்ளை பாக்க வான்னு எப்படிச் சொல்றது? சொன்னா அப்பவே பொம்மிடின்னுடுவாங்க."

பாவம், அவளைச் சொல்லி என்ன செய்ய? தேதி குறித்தது கதவுக்குப் பின்னால் தொங்கிய காலண்டர். மாட்டிக்கொண்டது இந்தப் பிள்ளைகள். அவள் அப்பனைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் என் மடியில் தலை வைத்துக்கொண்டாள்.

அன்று சாயந்திரம் ஸ்டெல்லா போன் பண்ணினாள். "சொல்லுக்கா."

"நான் இன்னும் பாக்கல ஸ்டெல்லா."

"போயி நாலு நாளாச்சு, இன்னும் என்னத்தப் பாக்கல? நாளையிலேர்ந்து தேய்பிறை. அப்ப பொம்மிடிக்குச் சொல்லிடட்டுமா?"

"சொல்றதுன்னா நான் ஊருக்கு வந்தப்புறம் சொல்லு. அது வரைக்கும் பொறு."

அவள் டக்கென்று போனை வைத்துவிட்டாள். கோபம்தான், ஆனாலும் நான் வரும் வரை பொறுப்பாள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த இரண்டு நாளும் லான் வீட்டுச் சமையலறையில் போனது. ஒரு நாள் முழுக்க மழை. லானுக்குப் பாதம் வீங்கியிருந்தது, அழுத்திப் பார்த்துவிட்டு உப்பைக் குறைக்கச் சொன்னேன். மீன் சாறு இறக்குகிறவரிடம் உப்பைக் குறை என்று சொன்னதை ஜெனி மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். லான் எனக்குக் கணவாய் சுத்தம் செய்யச் சொல்லிக் கொடுத்தார். மின்னின் அப்பா விரிகுடாவில் மீன் கூண்டுகளுக்குக் காவல் இருப்பவர், வாரத்துக்கு ஒரு தரம் வருவார். வந்தவர் அரிசிச் சாராயம் எடுத்து வைத்தார், எனக்கும் ஒரு சின்னக் கிண்ணம் நீட்டினார். மின் தன் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தான். "சாயந்திரம் ஆளுங்களத் தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போற வேலை. ஒரு வாய்கூடத் தொடமாட்டாராம்" என்றாள் ஜெனி. அன்றைக்கு மழை, வேலையே இல்லை. அப்போதும் தொடவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டேன்.

மின் காலண்டர் தாளைக் காட்டி எனக்குப் பாடம் எடுத்தான். பௌர்ணமிக்கு அப்புறம் நிலா ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பிந்தி வரும். இருட்டுவதற்கும் நிலா எழும்புவதற்கும் நடுவே கிடைக்கிற நேரம்தான் அவன் பிழைப்பு. பதினேழு அன்று அது போதாது. பதினெட்டு அன்று போதும். பாறைக்குப் பின்னால் நிலா எழும்பி மேலே வர இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அவன் விரல் பதினெட்டில் நின்றது. எங்கள் கணக்கில் தேய்பிறை மூன்றாம் நாள்.

பதினெட்டாம் பிறை. படகுத்துறையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். கயாக்கில் ஏறும் முன்னால் மின் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து நடுவில் வைத்தான். கொசுமருந்து, க்ரீம், எண்ணெய் எது கையில் இருந்தாலும் கழுவிவிட்டுத்தான் கடலில் கை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பொடி உயிர்கள் செத்துப்போகும் என்றான். ஒவ்வொருவர் கையையும் வாங்கிப் பார்த்தான். என்னுடைய கையில் தேங்காய் எண்ணெய். "பெரிம்மா" என்று சிரித்துக்கொண்டே வாளியைக் காட்டினான். கை கழுவு, கை கழுவு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவளை ஒருவன் கை கழுவ வைத்துவிட்டான். முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினேன். உண்மையைச் சொன்னால், என் மனசு அந்த வாளிக்கிட்டவே சரி சொல்லிவிட்டது.

முன்னால் நான், பின்னால் மின். ஜெனி வேறொரு பெண்ணோடு இன்னொரு கயாக்கில். போன்களை அணைத்துப் பைக்குள் போடச் சொன்னான். பாறைகளுக்கு நடுவே போகப் போக ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. எங்கள் பக்கம் கரண்ட் போனால்கூட இத்தனை இருட்டு வராது, எங்காவது ஒரு இன்வெர்ட்டர் எரியும். இங்கே என் கையே எனக்குத் தெரியவில்லை. நீச்சல் தெரியாது. கீழே எத்தனை ஆழமோ. "மரியாயே வாழ்க" என்று ஆரம்பித்தேன்.

"பயப்படாதீங்க" என்று பின்னாலிருந்து தமிழில் குரல் வந்தது. ஜெனி சொல்லிக் கொடுத்த சொல்.

அப்போதுதான் பார்த்தேன். எங்கள் படகின் மூக்கு தண்ணீரைக் கிழிக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் நீலமாக ஓடியது. மார்கழிக் குளிரில் கம்பளியை உதறினால் படபடவென்று நீலப் பொறி பறக்குமே, அதே நிறம். மின் துடுப்பைப் போடுகிற ஒவ்வொரு முறையும் தண்ணீருக்குள் ஒரு வெளிச்சம் பூத்துச் சுழன்று அணைந்தது. அடியில் ஒரு மீன் எங்களைக் கண்டு ஓடியது, அது போன வழி கோடாகத் தெரிந்தது. தூரத்தில் ஆள் தெரியாமல் துடுப்பு மட்டும் இடம் வலமாக எரிந்து எரிந்து வந்தது. சிரிப்புச் சத்தத்தை வைத்து அது ஜெனி என்று கண்டுகொண்டேன். அப்படி அவள் சிரித்து நான் கேட்டது அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது. அப்பன் போனதற்கப்புறம் கேட்டதில்லை.

மின் துடுப்பை நிறுத்தினான். நான் ஜெபமாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கையைத் தண்ணீருக்குள் விட்டேன். விரல் இடுக்கிலெல்லாம் மின்னியது. கையை எடுத்தேன், மணிக்கட்டில் இரண்டு பொட்டு ஒட்டிக்கொண்டு எரிந்து, அணைந்தது. மறுபடி விட்டேன். எத்தனை முறை விட்டேனோ தெரியாது. அழுதுகொண்டிருந்தேன். இருட்டில் யாருக்கும் தெரியாது என்பதால் நன்றாகவே அழுதேன். அவன் சொன்னதெல்லாம் உண்மை. இத்தனை வருடம் கழித்து ஒரு தரமாவது நான் சரியாகப் பார்த்திருக்கிறேன்.

நிலா பாறைக்கு மேலே எட்டிப் பார்த்ததும் தண்ணீர் மங்கிக்கொண்டே வந்து வெறும் தண்ணீராகிவிட்டது. மின் படகைத் திருப்பினான்.

கரையேறியதும், ஈரக் கையோடு போனை வாங்கி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். ஜெனியும் மின்னும் பக்கத்திலேயே நின்றார்கள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஸ்டெல்லா, நான் வார்த்தை குடுக்கறேன். இந்தப் பையனுக்கே பொண்ணக் குடுக்கலாம்."

"அக்கா, இன்னைக்குத் தேய்பிறை. மூணாம் நாளு."

"தெரியும். உன் வூட்டுக்காரரப் பாத்துட்டு வந்து நான் சரின்னு சொன்னது என்னைக்குன்னு நெனவிருக்கா? நல்ல வளர்பிறை. பஞ்சமி. நாள் பாத்தேன், பின்பக்கம் பாக்கல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அத ஏன்க்கா இன்னும் மனசுல வெச்சிருக்க?" என்றாள்.

"இன்னையோட எறக்கி வெச்சிட்டேன்."

"பின்பக்கம் பாத்தியா?"

"மொதல்ல அங்கதான் போனேன். பாட்டிலு இருந்துச்சு. மீனுதான் உள்ள."

அழுகைக்கு நடுவே ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் தெளிந்ததும், அவள் குணம் போகுமா, கேட்டாள். "கல்யாணத்தையாவது வளர்பிறையில வெப்பாங்களா? கேளுக்கா."

ஜெனி கேட்டாள். மின் ஒரு நிமிடம் யோசித்தான், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தான். ஜெனிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. "அம்மா, தேய்பிறையில இவருக்கு ஆள் வந்துக்கிட்டே இருக்கும், நகர முடியாது. நிலா வளர்ந்து பௌர்ணமி வர்றப்பத்தான் இவருக்கு லீவே. வளர்பிறையில வெச்சாத்தான் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையே வர முடியும்."

"அப்பாடா" என்றாள் ஸ்டெல்லா. பொம்மிடியைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே எடுக்கவில்லை. போனை வைக்கப் போனவள், சின்னப் பிள்ளை மாதிரி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, தண்ணி நெசமாவே மின்னுச்சா?"

என் கை இன்னும் காயவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நீயே வந்து பாரு. ஆனா தேய்பிறை பாத்துக் கெளம்பு."